ரெக்கார்டு நோட்டில் இல்லாத வெங்காயம்

“பி.எஸ்சி. விலங்கியலா? எதுக்கு சார், லேப்ல உட்கார்ந்து கரப்பான்பூச்சி படம் வரையவா?” ஜூன், ஜூலை மாதங்களில் திருவண்ணாமலை ரமண நகர் டீக்கடைகளில் இந்தக் கேள்வி கட்டாயம் காதில் விழும். ரமணாசிரமம் இருக்கும் அதே செங்கம் சாலையில்தான் அரசு கலைக் கல்லூரியும் இருக்கிறது. சேர்க்கைக் காலத்தில் சான்றிதழ் உறையோடு பஸ்ஸை விட்டு இறங்கும் பெற்றோர், டீ குடித்தபடி பக்கத்தில் இருப்பவரிடம் யோசனை கேட்பார்கள். கிடைக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். உயிரியல் மனப்பாடப் பாடம். புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது, மிச்சம் யூடியூபில் இருக்கிறது. செய்முறை வகுப்பு ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதற்கும் மார்க் வாங்குவதற்கும் வைத்திருக்கிற சடங்கு. வாரத்தில் ஒரு மதியத்தை ஃபார்மலின் வாடையில் தொலைக்கிற நேரத்தில் குரூப் ஃபோருக்குப் படிக்கலாம்.

டீக்கடைப் பேச்சு என்று விட்டுவிட முடியவில்லை. இதையே கோச்சிங் சென்டர்காரர் விளம்பரப் பலகையில் சொல்கிறார். கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வறையிலும் இதே பேச்சுதான், கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு விலங்கியல் செய்முறை நடத்திச் சம்பளம் வாங்கியவன் நான். அதனால்தான் வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது சொல்லலாம். ஓய்வு பெற்றுவிட்டேன். இனி எந்த லேபை இழுத்து மூடினாலும் என் பென்ஷன் குறையப் போவதில்லை.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நானே சொல்லிவிடுகிறேன். செய்முறைத் தேர்வில் ஸ்பாட்டர் என்று ஒன்று உண்டு. நீள மேசையில் வரிசையாகப் பாட்டில்களும் நுண்ணோக்கிகளும் இருக்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் எழுத்து. மணி அடித்தால் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். பாட்டிலுக்குள் இருப்பது எந்தக் காலத்திலோ போட்டு, நிறமெல்லாம் போய் வெளுத்துக் கிடக்கும் ஓர் உடல். நாடாப்புழுவா, நீரிஸா என்று அந்த உடலைப் பார்த்துச் சொல்கிறவர்கள் குறைவு. மூடி விரிசல் விட்டது நீரிஸ், லேபிள் ஓரம் கிழிந்தது நாடாப்புழு என்று சீனியர்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஒரு வருஷம் ஆய்வக உதவியாளர் பாட்டில்களைக் கழுவித் துடைத்து மூடிகளை மாற்றிப் போட்டுவிட்டார். அந்தத் தேர்வில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட நாடாப்புழுவுக்கு நீரிஸின் பண்புகளை அழகான கையெழுத்தில் எழுதி வைத்தார்கள்.

ரெக்கார்டு கதை இன்னும் மோசம். இடது பக்கம் கோடில்லாத தாளில் பென்சில் படம், வலது பக்கம் குறிப்பு. படம் நுண்ணோக்கியிலிருந்து வருவதில்லை, பாடநூலிலிருந்துகூட வருவதில்லை. போன வருஷத்து அக்காவின் ரெக்கார்டிலிருந்து வருகிறது. நகலுக்கு நகல் எடுத்து, பாரமீசியத்தின் வாய்க்குழி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் சிவப்பு மையில் கையெழுத்து விழுந்திருக்கும்.

ஆகவே, ஆய்வகம் சடங்காகிப் போனது என்பதில் எனக்கு மறுப்பில்லை. சடங்காகிப் போனதால் அதை எடுத்துவிடலாம் என்று தாவுகிறார்களே, அங்கேதான் வழக்கு. சடங்கு எங்கே நுழைந்தது என்று முதலில் பார்க்க வேண்டாமா?

இந்த முதலாண்டுச் செய்முறை வகுப்பு தானாக முளைத்ததல்ல. 1870களின் தொடக்கத்தில் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி லண்டன் சவுத் கென்சிங்டனில் பள்ளி ஆசிரியர்களை வரவழைத்து, ஆளுக்கொரு நுண்ணோக்கி கொடுத்து உட்கார வைத்தார். காலையில் விரிவுரை, அதன்பின் சொன்னதையெல்லாம் தங்கள் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கும் வேலை. அந்த வகுப்பை 1875-இல் எச்.என். மார்ட்டினோடு சேர்ந்து நூலாகவும் போட்டார். ஈஸ்டில் தொடங்கி, அமீபா, ஹைட்ரா, நன்னீர் மட்டி, கிரேஃபிஷ் என்று ஏறித் தவளையில் முடியும் பட்டியல் அது. ஒரு கூட்டத்துக்கு ஒரு மாதிரி உயிர் என்ற அந்த ஏற்பாடுதான் கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. நம் பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் இன்றைக்கும் இருக்கும் லாம்பிட்டோ மண்புழு, கரப்பான்பூச்சி, தவளை மூன்றும் அதன் வாரிசுகள். பட்டியல் வந்து சேர்ந்தது. சரிபார்க்கும் வேலை வழியில் எங்கோ கடலில் விழுந்துவிட்டது.

முழுக்க விழுந்துவிடவில்லை என்பதற்கும் சாட்சி உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் உயிரியல் கற்பித்த ஆல்ஃபிரட் கிப்ஸ் போர்ன், நெருப்பு வளையத்துக்குள் அகப்பட்ட தேள் தன்னைத்தானே கொட்டிக்கொண்டு சாகும் என்ற பழங்கதையைச் சோதித்துப் பார்த்தார். நம் மலையடிவாரத்தில் மழை பிடித்தால் வாசற்படிக்கும் குளியலறைக்கும் தேள் வரும். கூடவே இந்தக் கதையும் வரும். நன்றாகப் படித்தவர்கள் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன். தேளின் நஞ்சு அதே தேளின் உடலுக்குள்ளும், அதே இனத்து வேறு தேளின் உடலுக்குள்ளும் போகும்படி செய்து பார்த்தார் போர்ன். அந்த நஞ்சு தேளைக் கொல்வதில்லை என்று 1887-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் எழுதினார். தேள், மேசை, பொறுமை என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு செய்த வேலை. சென்னையில் ஓர் உயிரியல் ஆய்வகம் எதற்காக இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரியாது.

இனி வெங்காயத்துக்கு வருகிறேன். செல் பிரிதலைக் காட்ட முதலாண்டில் எல்லாக் கல்லூரியிலும் வெங்காய வேர்நுனிதான். வெங்காயத்தின் அடிப்பகுதி மட்டும் தண்ணீரைத் தொடும்படி கண்ணாடிக் குவளையின் வாயில் உட்கார வைத்தால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் இறங்கும். காலையில் நுனியைக் கிள்ளி, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் போட்டு வைக்க வேண்டும். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இளஞ்சூடு காட்டி, ஸ்லைடில் வைத்து, அசிட்டோகார்மைன் ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப் மூடி, மேலே ஒற்றுத்தாள் வைத்து, பென்சிலின் பின்முனையால் பதமாகத் தட்ட வேண்டும். கவர் ஸ்லிப் வழுக்கினால் போச்சு, செல்கள் சுருண்டுகொள்ளும். பலமாகத் தட்டினால் கண்ணாடி உடையும். முதல் ஸ்லைடு யாருக்கும் சரியாக வருவதில்லை.

ஒருவழியாக வந்த ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறாள் மாணவி. கட்டம் கட்டமாகச் செல்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் உருண்டைச் சிவப்பு. ஸ்லைடை நகர்த்துகிறாள். மறுபடி உருண்டைச் சிவப்பு. “சார், எனக்கு ஒண்ணும் தெரியல.” அவளுக்கு எல்லாமே தெரிந்துகொண்டிருக்கிறது, அதுதான் வேடிக்கை. மனிதச் செல்லின் ஒரு சுழற்சி ஏறக்குறைய 24 மணி நேரம், அதில் பிரிவதற்கு ஆகும் நேரம் ஒரு மணி, மீதி 95 விழுக்காட்டுக்கும் மேல் இடைநிலை என்று அவள் மேல்நிலை வகுப்பிலேயே படித்தவள். கொள்குறி வினாவில் சரியாக டிக் அடித்தவள். ஆனால் அவள் ரெக்கார்டு படத்தில் ஆறேழு செல்கள். ஒன்று இடைநிலை, மற்றவை ஒவ்வொன்றும் பிரிதலின் ஒவ்வொரு கட்டம். வரி சொல்வது ஒன்று, படம் காட்டுவது அதற்கு நேர் எதிர். வேரில் எல்லாச் செல்லும் எந்நேரமும் பிரிந்துகொண்டே இருப்பதாகத்தான் அந்தப் படத்தைப் பார்த்த மனசு நம்பும். இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு, முரண் என்ற நினைப்பே இல்லாமல் தொண்ணூறு மார்க் வாங்க முடியும். வாங்கியிருக்கிறார்கள்.

அந்த “ஒண்ணும் தெரியல”தான் பாடம். இருநூறு செல்லை எண்ணு, அதில் பிரிந்துகொண்டிருப்பது எத்தனை என்று குறித்து வை என்று சொல்லிப் பாருங்கள். பத்தோ பதினைந்தோ தேறும். சில ஸ்லைடுகளில் அதுவும் தேறாது. ஒரு கட்டத்தில் எத்தனை செல் அகப்படுகிறதோ, அந்தக் கட்டம் அவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அர்த்தம். கையில் கடிகாரம் இல்லாமல் நேரத்தை அளந்துவிட்டாள். பக்கத்து மேசைப் பையனுக்கு ஒரு செல்கூடப் பிரியவில்லை என்றால் அவன் நுனியை விட்டு மேலே தள்ளி வெட்டியிருப்பான். வேர் எங்கே வளர்கிறது என்பதை அவன் பாழாய்ப்போன ஸ்லைடு சொல்கிறது. இந்த இரண்டையும் புத்தகம் சொல்லித் தராதா என்றால், தரும். அவள் படித்தும் இருக்கிறாள். படித்ததைத் தான் நம்பவில்லை என்பது ஸ்லைடைப் பார்க்கும்வரை அவளுக்கே தெரியாது.

மெய்நிகர் ஆய்வகம் போதும் என்பவர்களுக்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது. மத்திய கல்வி அமைச்சகத்தின் ஆதரவில் இணையத்தில் நல்ல மெய்நிகர் ஆய்வகங்கள் இருக்கின்றன. நுண்ணோக்கியே இல்லாத ஊரில் அது பெரிய உபகாரம். செய்முறைக்கு முந்தின இரவு பார்த்துவிட்டு வந்தால் மறுநாள் கை தடுமாறாது. ஆனால் திரையில் வெங்காயம் அழுகுவதில்லை. கவர் ஸ்லிப் வழுக்குவதில்லை. காட்டப்படும் காட்சி யாரோ ஒருவர் நல்லதாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. கேட்ட கட்டம் கேட்ட இடத்தில் வந்து நிற்கும். அதாவது, ரெக்கார்டு நோட்டின் பொய்ப் படம் வண்ணத்தில் அசைகிறது. செய்தவர் போட்டு வைத்ததைத் தவிர வேறெதையும் திரை திருப்பித் தராது. வெங்காயம் அப்படி யாருக்கும் கட்டுப்பட்டதல்ல.

நீட் தேர்வை வைத்துச் சொல்லும் வாதத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 720-இல் 360 மதிப்பெண் உயிரியலுக்கு. 90 வினாக்களில் ஒன்றுக்கும் கை தேவையில்லை, கண்கூடத் தாளைப் பார்க்க மட்டும்தான். ஆகவே செய்முறை வீண் என்கிறார்கள். தேர்வு ஒன்றை அளக்கவில்லை என்றால் அது தேர்வின் குறை. அதுவும் போக, பி.எஸ்சி.யில் வந்து சேர்கிற பிள்ளைக்கு அந்தத் தேர்வு முடிந்துபோன சங்கதி. முடிந்துபோன தேர்வின் கணக்கை வைத்து அடுத்த மூன்று வருஷத்தை ஏன் எடைபோட வேண்டும்?

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு மறுப்பு உண்டு. அதைக் கொஞ்சம் நிதானமாக எடுத்துக்கொள்ள வேண்டும். “ரமணர் இருந்த இடம் சார் இது. இங்கே உயிரைக் கொன்று உயிரியல் படிப்பதா?” ஆசிரமத்துக்கு வந்து தங்கிவிட்ட படித்தவர்கள் பலர் மெய்யான வருத்தத்தோடு கேட்பது. பசு லட்சுமிக்கு 1948-இல் சமாதி எழுப்பிய இடம். நாய்க்கும் மானுக்கும் காக்கைக்கும்கூட அங்கே சமாதி இருக்கிறது. அந்த உணர்வை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் கேள்வி காலாவதியானது. விலங்கியல் வகுப்புகளில் அறுத்துப் பார்ப்பதைப் படிப்படியாகக் கைவிடும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் வழிகாட்டுதல் தந்தது. 2014-இல் அறவே நிறுத்தச் சொல்லிவிட்டது. தவளை மேசையை விட்டு இறங்கிப் பல வருஷங்கள் ஆகின்றன.

உடனே எதிர்க்கரையிலிருந்து குரல் வரும். தவளை போனபின் லேபில் என்ன இருக்கிறது, சார்ட்டைத் தொங்கவிட்டுப் படம் வரைவதுதானே என்று. என் சக ஆசிரியர்கள் பலருக்கும் இதே மனக்குறை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தவளையை மெழுகுத் தட்டில் மல்லாத்திக் குண்டூசி குத்தி, ரத்த நாளங்களுக்கு அடியில் கறுப்புத் தாள் செருகிக் காட்டிய காலத்தை நான் கண்டவன். கைத்திறன் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே கேள்வி ஏதும் இல்லை. புத்தகத்துப் படம்போல உடல் வந்துவிட்டதா என்பது ஒன்றுதான் பரீட்சை. வரவில்லை என்றால் தவளைமேல் தப்பு. விடை தெரிந்த விஷயத்துக்காக ஒவ்வொரு வருஷமும் வயலிலிருந்து சாக்குச் சாக்காகத் தவளை பிடித்து வந்தது வீண் கொலை. வயல் தவளைகளின் நிலைமை கவலைக்கிடமாகித்தான் 1987-இல் தவளைக்கால் ஏற்றுமதியையே இந்தியா தடை செய்தது. அறுப்பதை நிறுத்தியதால் ஆய்வகம் செத்துவிட்டது என்பவர்கள், அதற்கு முன் அது உயிரோடு இருந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மேலும், உயிரைக் கொல்லாமல் உயிரைப் படிக்க முடியுமா என்ற கேள்விக்கு இந்த மலையே பதில் வைத்திருக்கிறது. மலைமேல் வாழ்ந்த வருஷங்களில் ரமணர் குரங்குக் கூட்டங்களின் எல்லை, தலைமை, சண்டை, சமாதானம் எல்லாவற்றையும் கூர்ந்து கவனித்துச் சொல்லியிருப்பதை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன. ஆன்ம விசாரத்தையும் ஆய்வகத்தையும் முடிச்சுப் போட்டுப் பேசும் மேடைப் பேச்சு எனக்குப் பிடிக்காது, அதைச் செய்ய மாட்டேன். சொல்ல வருவது சின்ன விஷயம்: இன்றைக்கும் ஆசிரமத்துச் சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் நாட்டுக்குரங்கை ஒரு மணி நேரம் பார்த்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அது என்ன செய்கிறது என்று கட்டம் போட்டுக் குறித்தால் அது முதல்தரமான செய்முறை வகுப்பு. பேன் பார்த்தது எத்தனை முறை, மிரட்டியது எத்தனை முறை, பக்தர் கையிலிருந்து பிடுங்கியது எத்தனை முறை. கொல்வதும் இல்லை, செலவும் இல்லை.

“சரி சார், இதெல்லாம் விஞ்ஞானி ஆகிறவனுக்கு. நம்ம பிள்ளை கிராம நிர்வாக அலுவலர் ஆவான், இல்லை பேங்குக்குப் போவான். அவனுக்கு எதுக்கு?” வாதங்களிலேயே வலுவானது இது, ஏனென்றால் இதைச் சொல்கிறவர் மூட்டை தூக்கிப் படிக்க வைக்கிறவர். அவருக்கு நான் ரத்தவகைச் செய்முறையைத்தான் காட்டுவேன். செங்கம், தண்டராம்பட்டு பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளில் பலர் தங்கள் ரத்தவகையை முதன்முதலில் அறிவது இந்த மேசையில்தான். ஸ்லைடில் மூன்று சொட்டு ரத்தம். ஒன்றில் ஏ-க்கு எதிரான திரவம், ஒன்றில் பி-க்கு, ஒன்றில் ஆர்.எச்.-க்கு. குச்சியால் கலக்கினால், பொருந்தாத இடத்தில் ரத்தம் ரவைபோலத் திரியும். சில சமயம் ஆர்.எச். சொட்டு உடனே திரியாது. பொறுத்திருந்து ஸ்லைடைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு நெகட்டிவ் என்று எழுதிவிட்ட பிள்ளை, மறுபடி செய்து பாசிட்டிவ் என்று திருத்தும்போது ஒன்று தெரிந்துகொள்கிறான்: ஆஸ்பத்திரித் தாளில் அச்சடித்து வரும் விடைக்குப் பின்னால் தன்னைப்போல ஒருவர் குச்சியால் கலக்கி, கண்ணால் பார்த்து, முடிவு செய்திருக்கிறார்.

அங்கே நிறுத்த வேண்டாம். பாடநூல் அட்டவணையில் ஏ, பி, ஏபி, ஓ என்று நான்கு வரிசைதான். 1952-இல் ஒய்.எம். பெண்டேயும் அவர் சகாக்களும் பம்பாயில் கண்டறிந்த ரத்தவகை அந்த நான்கிலும் அடங்காது. சாதாரண ஸ்லைடு சோதனையில் ஓ என்றுதான் காட்டும். ஆனால் அந்த வகைக்காரருக்கு ஓ வகை ரத்தத்தை ஏற்றினால் உடம்பு ஏற்காது. இந்தியாவில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவருக்கு அந்த வகை என்கிறார்கள். ஓ என்று வந்துவிட்டதே, வேலை முடிந்தது என்று நினைக்காமல், கொடுக்கப்போகிற ரத்தத்தையும் வாங்கப்போகிறவர் சீரத்தையும் கலந்து பார்க்கச் சொல்வது ஏன் என்று அப்போது புரியும். பேங்க் மேனேஜருக்கும் ஒருநாள் வீட்டில் ஒருவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டிவரும். சோதனைக்கூடத் தாளை இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வதற்கும், இதை மறுபடி செய்து பார்க்கலாமா என்று கேட்பதற்கும் நடுவில் இருக்கிற தூரம் அந்த மூன்று சொட்டு.

பணமில்லை என்பது கடைசி வாதம். கட்டடம், காலிப் பணியிடம், உடைந்த நுண்ணோக்கி என்று உண்மையான குறைகள் உண்டு. அவற்றுக்காக அரசோடு மல்லுக்கு நிற்கத்தான் வேண்டும். அதுவரை கையைக் கட்டி உட்கார வேண்டுமா என்றால், வேண்டாம். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் 2014-இல் அறிவித்த ஃபோல்ட்ஸ்கோப் என்ற மடக்குத் தாள் நுண்ணோக்கியை மத்திய உயிர்தொழில்நுட்பவியல் துறையே நம் நாட்டுக் கல்வி நிலையங்களுக்குக் கொண்டுவந்தது. வைக்கோலுக்கு விலையே இல்லை. ஒரு பிடி வைக்கோலைக் கொதிக்க வைத்து ஆறவிட்டால் ஓரிரு நாளில் நீர் கலங்கும், பாக்டீரியா வந்துவிட்டது. ஆசிரமத்துப் பக்கத்துப் பாலி தீர்த்தத்திலிருந்தோ ஊர் ஏரியிலிருந்தோ ஒரு கரண்டி நீர் அதில் விட்டால், பாக்டீரியாவைத் தின்னும் பொடி உயிர்கள் பெருகும். அவற்றுக்குப் பின்னால் பாரமீசியம் வரும். கடைசியில் தீனி தீர்ந்து எல்லாம் அடங்கும். தினம் ஒரு சொட்டு பார்த்து எண்ணிக்கை எழுதினால் இரண்டு வாரத்தில் ஒரு காட்டின் வரலாறு. செங்கத்து ஏரி நீரும் பாலி தீர்த்தத்து நீரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஏன் என்பது எனக்கும் முன்கூட்டித் தெரியாது, மாணவிக்கும் தெரியாது. ஆசிரியருக்கு விடை தெரியாத கேள்வி வகுப்பில் கேட்கப்படுவது இந்தப் படிப்பில் இங்கே ஒன்றில்தான்.

அந்தக் கேள்விக்கு எப்படி மார்க் போடுவது என்று ஓய்வறையில் என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஆளுக்கொரு விடை வந்தால் வெளித் தேர்வாளர் திணறிப்போவாராம். திணற வேண்டியதில்லை. தேர்வன்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேர்நுனியைக் கொடுங்கள். எத்தனை செல் எண்ணினாள், எதைப் பிரிதல் என்று கணக்கில் எடுத்தாள், சந்தேகமானதை என்ன செய்தாள் என்று எழுதச் சொல்லுங்கள். தேர்வாளர் அதே ஸ்லைடில் ஒரு பார்வை பார்க்கட்டும். பிரியும் செல் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்து, ஸ்லைடிலும் ஒன்றுமில்லை என்றால் முழு மதிப்பெண். ஸ்லைடில் இல்லாத மெட்டாஃபேஸை நோட்டில் அழகாக வரைந்திருந்தால் பூஜ்யம்.